மாடத்தியோட புதன்கிழமை

பொய்யின்னு ஒரேயடியா சொல்லிட முடியாதுங்க. மாடத்தி பதில் சொன்னது தாளுக்கு. இருதயராஜ் பார்த்தது அவங்க முகத்தை. ரெண்டும் ஒத்துப்போகலை, அவ்வளவுதான்.

முன்னெல்லாம் மனசுக்கு வைத்தியம்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறணும். இப்ப, பலபேருக்குச் செஞ்சு பலன் கண்ட முறைன்னு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டுவந்துட்டாங்க. பேச்சுதான் மருந்து, கூடவே வீட்டுல செய்ய ஒரு சின்ன வேலை. ஆறு வாரம். வாராவாரம் தாள்ல இருக்கிற ஒன்பது கேள்வி கேட்டு மார்க் போடணும். மனபாரம் கூடினா மார்க்கும் கூடும். இந்தப் பரீட்சையில மார்க் இறங்கினாத்தான் பாஸ். பாஸானா நாற்காலி அடுத்த ஆளுக்கு. இல்லைன்னா இன்னும் ஆறு வாரம். மூணு ஊருக்கும் ஆலோசகர் இருதயராஜ் ஒருத்தர்தான். இங்க வர்றது புதன்கிழமை மட்டும், பார்க்க முடியுறது நாலே பேர்.

புருஷன் போனதுலேர்ந்து எட்டு மாசம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவங்க மாடத்தி. முதல் வாரம் பத்தொன்பது மார்க். ஆறாவது வாரமும் அதே பத்தொன்பது. பசியே இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருதயராஜோட சுண்டல்ல பாதியைத் தின்னாங்க. எதுலயும் நாட்டமில்லைன்னாங்க. ஆனா முதல் பஸ்ஸுலயே வந்து, மரத்தடியில முத்துச்செல்வியோட மூணு மாசப் பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருப்பாங்க.

அந்த முத்துச்செல்விதான் பட்டியல்ல அடுத்த ஆள். பெத்த பிள்ளை முகத்தைப் பார்க்கவே முடியலைன்னு வந்து, இடம் கிடைக்குமான்னு வாராவாரம் மரத்தடியில காத்திருக்கிறவ. துணைக்கு வர ஆளில்லை.

மாடத்தி தேறியாச்சு, பைலை மூடுங்கன்னாங்க நர்ஸ் கோமதி. கண்ணை நம்புறதா இருந்தா தாள் எதுக்கு, இன்னும் ஆறு வாரம் குடுங்கன்னாங்க டாக்டரம்மா. இருதயராஜ் ரெண்டு பேருக்கும் தலையாட்டினார். அப்புறம் தாள்ல இல்லாத பத்தாவது கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, அடுத்த புதன் இங்க வரலைன்னா என்ன செய்வீங்க?"

மாடத்தி சேலைத் தலைப்பைத் திருகினாங்க. "என்னத்தச் செய்ய? சுவரு இருக்குல்லா, சார்."

இப்பச் சொல்லுங்க. கோமதி சொன்னது சரியா, டாக்டரம்மா சொன்னது சரியா? நாற்காலி யாருக்கு?

விடை: ரெண்டு பேரும் சரிதான். தேறினதும் நிஜம், வரவை நிறுத்தக் கூடாதுங்கிறதும் நிஜம். மாடத்திக்கு வேண்டியது நாற்காலி இல்லை, புதன்கிழமை. மார்க் எதுவானாலும் நீங்க புதன்கிழமை வரலாம், முத்துச்செல்வி உள்ள பேசுற நேரம் பிள்ளையை வச்சுக்க ஆள் வேணும்னு இருதயராஜ் முதல்ல சொன்னார். அதுக்கப்புறம் அதே ஒன்பது கேள்வியைத் திரும்பக் கேட்டார். மார்க் நாலு. மாடத்தி எழுந்து வெளிய போனாங்க. அவர் பைலை எழுதி முடிக்கக்கூட இல்லை, மரத்தடியிலேர்ந்து மாடத்தியோட குரல்.

"சார், பிள்ளை எங்கிட்ட இருக்கான். இவ உள்ள வர யோசிக்கா. நீங்க வந்து கூப்பிடுங்க."

பேனாவை மூடிட்டு எழுந்து போனார்.