ஒன்றே முக்கால் அங்குலம்

நஸ்ரீனிடம் சென்னியப்பன் அந்தக் கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஹெட்டருக்கு எந்த அளவுக் குழாய் சரிங்க அம்மணி?"

"எதுக்கு?"

"எஞ்சினுக்குத்தானுங்க."

"எஞ்சினுக்குன்னு எனக்கும் தெரியும்ணா. எந்த வேலைக்குன்னு கேட்டேன்."

அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வெல்டிங் மேட்டைத் தேய்க்கப் போய்விட்டார்.

சிங்காநல்லூரில் இருந்தது நஸ்ரீனின் பட்டறை. பந்தயக் கார்களின் எஞ்சின்களைத் தயார்செய்து தருவாள். வயது முப்பத்து நான்கு. சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று. கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் இருபத்திரண்டு வருடம் கம்பி வளைத்தவர். நின்றுகொண்டு பயணம் செய்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பி. மகள் பிரதீபா கார் பந்தயம் என்று கோவைக்கு வந்தபோது அவரும் கூடவே வந்து, நஸ்ரீனிடம் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்.

ஹெட்டர் என்பது எஞ்சினிலிருந்து புகையை வாங்கிப் போகும் நாலு கிளைக் குழாய். மகளின் காருக்கு அதை அவரே வளைத்தார். குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி, சூடுகாட்டி, ஒரு சுருக்கம் விழாமல் வளைப்பார். முதலில் ஒன்றரை அங்குலத்தில் ஒன்று செய்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒன்றே முக்கால் அங்குலத்தில் இன்னொன்று.

காரை உருளைகள்மேல் ஏற்றிக் குதிரைசக்தி அளந்தார்கள். சின்னதுக்கு நூற்று ஒன்பது. பெரியதுக்கு நூற்றுப் பதினெட்டு. இரண்டு குழாய்க்கும் வரைகோடு போட்டு அச்சான தாளைச் சென்னியப்பன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீக்கடையில் இரண்டு பேருக்கு எடுத்துக் காட்டினார்.

"பெருசே இருக்கட்டுங்க அம்மணி. ஒன்பது குதிரை சும்மா வருது."

"உங்க பொண்ணு வண்டி. மாட்டுங்க," என்றாள் நஸ்ரீன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பெண்களில் முதலாவதாக வருகிறவருக்கு ஒரு குழு அடுத்த வருடம் முழுக்க வண்டி கொடுத்து ஓட்டவைக்கும். இருபத்து நான்கு வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். பிரதீபாவுக்கு வரும் மார்கழியில் இருபத்து நான்கு ஆகிவிடும். அதோடு சரி.

சனிக்கிழமை காலை ஒத்திகைக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே செம்மண் மைதானம். பழைய டயர்களை அடுக்கிப் பாதை போட்டிருந்தார்கள். பதினோரு வளைவு, ஒரே ஒரு நேர்பாதை.

போன வாரம் சின்னக் குழாயில் ஒரு சுற்றை ஒரு நிமிடம் பதினாறு விநாடியில் முடித்த பிரதீபா, இப்போது பெரியதில் ஒரு நிமிடம் பத்தொன்பதில் வந்தாள். மறுபடி ஓட்டினாள். அதே பத்தொன்பது.

சென்னியப்பன் கார்க் கதவருகே போய்க் குனிந்தார்.

"கண்ணு, நீ அமுத்தறதில்ல."

"அமுத்தறேன்ப்பா."

"அமுத்துனா வண்டி போகுமில்ல? வளைவு தாண்டுனதும் அப்பிடியே முக்குது. கால்ல பயம் வந்துருச்சு உனக்கு."

பிரதீபா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை.

"அப்ப நீங்க வந்து பக்கத்துல உக்காந்து பாருங்க."

"எனக்கு வாந்தி வரும்னு தெரியாதா உனக்கு?"

"இருபது வருசம் பஸ் கட்டுனவரு. பஸ்ல ஏறுனா வாந்தி," என்று அவள் நஸ்ரீனிடம் சொன்னாள். சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

மகள் தண்ணீர் குடிக்கத் தள்ளிப் போனதும் சென்னியப்பன் மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு எப்படிங்க அம்மணி? இவ கால் இப்படி இருந்தா?"

நஸ்ரீன் கருவிப் பெட்டியைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். இன்னொரு கையில் ஹெல்மெட்.

"ஒரு ரவுண்டு உக்காருங்கண்ணா. அந்த ஆர்.பி.எம். முள்ளு ஆறாயிரத்தைத் தாண்டறப்பல்லாம் டேஷ்போர்டுல ஒரு கோடு போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வாந்தி வந்தா?"

"கோட்டைப் போட்டுட்டு எடுங்க."

பெல்ட்டை நஸ்ரீனே இறுக்கிவிட்டாள். மகள் ஓட்டும் வண்டியில் அவர் அதுவரை ஏறியதில்லை.

கார் கிளம்பியது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் அந்த முள்ளை மட்டும் அவர் பார்த்தார். முதல் வளைவில் முள் மூவாயிரத்துக்கு இறங்கியது. வளைவு முடிந்தது. முள் எழவில்லை. எஞ்சின் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒலித்தது. மூவாயிரத்து இருநூறு, மூவாயிரத்து ஐந்நூறு. அதற்குள் இரண்டாவது வளைவு. மறுபடி மூவாயிரம்.

"அமுத்து கண்ணு," என்றார்.

அவள் அடுத்த வளைவுக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

நான்காவது வளைவு. ஐந்தாவது. சாக்பீஸ் விரலிடுக்கில் ஈரமானது. ஏழாவது வளைவை விட்டு வெளியே வரும்போது, இன்னொரு முறை சொல்வதற்காக அவர் முள்ளிலிருந்து பார்வையைக் கீழே இறக்கினார்.

பிரதீபாவின் வலது கால் ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து அழுத்தியிருந்தது. பாதத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு தாள்கூடப் போகாது. கணுக்கால் நரம்பு விறைத்துத் தெரிந்தது.

அவர் பார்வையை மறுபடி முள்ளுக்குக் கொண்டுபோனார்.

நேர்பாதை வந்தது. முள் ஆறாயிரத்தைத் தொட்டுத் தாண்டியது. அவர் கோட்டைப் போட ஆரம்பித்தபோதே அவள் பிரேக்கை மிதித்தாள். சாக்பீஸ் வழுக்கிக் கீழே விழுந்தது.

இறங்கி, டயர் அடுக்குக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். நஸ்ரீன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"எத்தனை கோடுண்ணா?"

"ஒண்ணுங்க." வாயைத் துடைத்தார். "அதுவும் பாதிதான்."

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஒரு வாரமாகப் பிரிக்காத மடிப்பைப் பிரித்தார். நூற்றுப் பதினெட்டு இருந்த வலது பாதியில், முள் ஆறாயிரத்தைத் தாண்டும் இடத்தில், பெரிய குழாயின் கோடு மேலே இருந்தது. பின்பக்கம் மடங்கிப் போயிருந்த இடது பாதியில், மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை, அது சின்னக் குழாயின் கோட்டுக்குக் கீழே கிடந்தது. நல்ல இடைவெளி.

"இந்தப் பக்கத்தை மடிச்சே வெச்சிருந்தனுங்க."

"பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா பேப்பரைத்தான் பார்த்திருப்பீங்க."

சென்னியப்பன் தாளை மறுபடி மடிக்கவில்லை. காரிடம் போனார். பிரதீபா இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"கால் வலிக்குதா கண்ணு?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள்.

"கொஞ்சம்."

"இறங்கி நீட்டி உக்காரு. நான் குழாயை மாத்தறேன்."

"சூடா இருக்கும்ப்பா. ஆறட்டும்."

அவர் ஈரச் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஆறுவதற்குள் போல்ட்டுகளைக் கழற்றினார். மணிக்கட்டில் ஒரு இடம் சுட்டது. யாரிடமும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரதீபா ஒரு நிமிடம் பதினைந்து விநாடியில் வந்தாள். அடுத்து வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் அரை விநாடி வித்தியாசம். குழுவிலிருந்து வந்தவர் அவள் பெயரை எழுதிக்கொண்டபோது, சென்னியப்பன் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தார். இந்தமுறை வாந்தி இல்லை.

திங்கட்கிழமை பட்டறையில் அவர் அந்தப் பெரிய ஹெட்டரை வைஸ் பிடியில் பூட்டினார். அறுக்கும் மெஷினுக்குப் பிளக் செருகிவிட்டு நஸ்ரீனைப் பார்த்தார்.

"அறுத்துப் போட்றட்டுங்களா அம்மணி?"

"எதுக்கு? இவ்வளவு அழகா வளைச்சிருக்கீங்க. ஆணியில மாட்டுங்க."

"இது ஆகாதுன்னு ஆயிருச்சே."

"இந்த மைதானத்துக்கு ஆகாது. நாளைப்பின்ன அவ பெரிய டிராக்குக்குப் போவா. நீளமான ரோடு. முள்ளு ஆறாயிரத்துக்குக் கீழயே வராது. அன்னைக்கு இதுதான் வேணும்."

அவர் வைஸைத் தளர்த்தினார். ஹெட்டரை ஆணியில் மாட்டினார்.

"அந்த நாள் வந்திருச்சுன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

நஸ்ரீன் கார்ப் பக்கம் போனாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, சனிக்கிழமை விழுந்த சாக்பீஸை எடுத்து வந்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"இதைத் தொலைச்சுடாதீங்கண்ணா."