தலை நிமிர்ந்த ஓலைக் குருவி

உப்பு விற்றே ஒருவர் மாடிவீடு கட்டிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம், கதையை மட்டும் கேளுங்கள். அந்தக் காலத்தில் கரும்பனூரில் சாத்தப்பன் என்ற உப்பு வணிகர் இருந்தார். கதை அவரைப் பற்றியது அல்ல. அவர் பாவம், மாட்டுவண்டியோடு பாதி நாள் வெளியூரிலேயே கிடப்பவர். கதை அவருடைய மனைவி உலகம்மையைப் பற்றியது.

உலகம்மைக்குக் கை சும்மா இருக்காது. தென்னங்குருத்து கிடைத்தால் குருவி செய்வாள். குளத்தில் முளைக்கிற நெட்டித் தண்டு கிடைத்தால் சீவிப் பூச் செய்வாள். வேலியோரம் குன்றிமணி கிடைத்தால் பொறுக்கி மாலை கோப்பாள். சமையலறையில் தூக்கிப் போடுகிற புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினால் பசை. மஞ்சளில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்புச் சாயம். கடைக்குப் போகிற வேலையே இல்லை.

அதிலும் ஓலைக் குருவி என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு மடிப்பு, ஒரு திருப்பு, ஒரு செருகல். கண் சிமிட்டுவதற்குள் குருவி உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் மாடிவீடு வந்தபோது கூடவே ஒரு வெட்கமும் வந்து சேர்ந்தது. வீட்டில் செய்ததை மாட்டினால், வாங்க வக்கில்லை என்று நாலு பேர் நினைப்பார்களே என்ற வெட்கம். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வாள். யாராவது வந்தால் நெட்டி, ஓலை, பசைச்சட்டி எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். செய்யாமலும் இருக்க முடியவில்லை, செய்தேன் என்று சொல்லவும் முடியவில்லை. இப்படியும் ஒரு பாடு.

அவளுடைய ஒரே மகள் நங்கை. நங்கைக்குப் பவளப்பட்டினத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பிள்ளை. பிள்ளையின் அம்மா பெரியநாயகி, துறைமுகத்தில் சொந்தக் கப்பல் வைத்திருக்கிற வீட்டுக்காரி.

நிச்சயத்தன்று வெற்றிலை பாக்கு ஒரு பனையோலைத் தட்டில் வந்தது. தட்டு முழுக்கக் குன்றிமணியும் வெள்ளைச் சோழியும் ஒட்டி ஒரு மயில். பெரியநாயகி வெற்றிலையை எடுக்கவில்லை, தட்டை எடுத்தாள். இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள்.

"இது யார் செய்தது சம்பந்தியம்மா?" என்று கேட்டாள்.

செய்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியில் பசைகூடக் காய்ந்து ஒட்டியிருந்தது. கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "இங்கே யார் செய்வார்கள்? வாங்கியதுதான்" என்றாள் உலகம்மை.

அடுத்தது பரிசம் போட்ட நாள். நங்கையின் சடையில் நெட்டியில் செய்த தாமரை ஒன்று இருந்தது. இதழ் ஓரத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு. பெரியநாயகி பெண்ணின் முகத்தைப் பார்த்ததைவிடச் சடையைப் பார்த்ததுதான் அதிகம்.

"இது யார் செய்தது சம்பந்தியம்மா?"

"கப்பலில் வந்தது" என்றாள் உலகம்மை. ஒரு பொய் சொன்ன வாய்க்கு அடுத்த பொய் எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

"அப்படியா" என்றாள் பெரியநாயகி. அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "அப்படியானால் கல்யாணப் பந்தலுக்கும் அங்கிருந்தே வரவழைப்பீர்கள் போல."

"பின்னே?" என்று சொல்லிவிட்டாள் உலகம்மை. சொன்ன பிறகுதான் எங்கே போய் வாங்குவது என்று யோசித்தாள்.

அன்று சாயங்காலம் நங்கை அம்மாவிடம் வந்தாள். "நீ செய்கிற குருவித் தோரணமே கட்டலாம் அம்மா. எனக்கு அதுதான் பிடிக்கும்."

"உனக்குப் பிடித்து என்ன செய்ய? கப்பல்காரி வீட்டுக்குப் போகப்போகிற பெண், ஓலைத் தோரணத்துக்கு அடியில் நின்று தாலி கட்டிக்கொள்ள வேண்டுமா? பேசாமல் போ" என்றாள் உலகம்மை.

சாத்தப்பன் ஊருக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கேட்ட காசைக் கொடுத்தார். கடல் கடந்து வந்து இறங்கியிருந்த பந்தல் ஒப்பனைக்காரர் ஒருவரைப் பேசிக் கூட்டிவந்தார்கள். ஆள் கெட்டிக்காரர், பேச்சு தேன். அவர் கொண்டுவந்தவை பட்டுக் குருவிகள். வயிற்றில் பஞ்சு, தலையில் பொன்மணி, கண்ணில் சிவப்புக் கல்.

இங்கே அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் கேட்டு என்னை நிறுத்தக் கூடாது. கல்யாண வீட்டுத் தோரணத்தில் குருவிகளின் தலை மேலே பார்த்திருக்கும். சாவு வீட்டுத் தோரணத்தில் தலை கீழே தொங்கும். மாப்பிள்ளை வண்டிகள் வருகிற வழியில் தலை தொங்கிய குருவியைக் கண்டால், ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். துக்க வீட்டு வாசலில் நின்று கல்யாணப் பேச்சுப் பேசக் கூடாது என்பது முறை. அப்படித் திரும்பிப் போன வண்டி மறுபடி அந்த வாசலுக்கு வந்ததாக அந்தப் பக்கத்தில் பேச்சே கிடையாது.

கரும்பனூரில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் இது தெரியும். கடல் கடந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

கீழே நடக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் குருவியின் முகம் தெரிய வேண்டும் என்று அவர் வாலில் நூலைக் கோத்துக் கட்டினார். அதையும் யாரும் பார்க்காதபடி திரை மறைவில் கட்டிவிட்டுத் துணி போட்டு மூடினார். மாப்பிள்ளை வரும்போது துணியை விலக்கினால்தான் அழகு என்றார். உலகம்மை உள்ளே பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்ததால் வாசலுக்கு வந்து பார்க்கவில்லை.

மேளம் கேட்டது. வண்டிகள் தெருமுனையில் திரும்பின. ஒப்பனைக்காரர் கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது. பந்தல் நெடுகப் பட்டுக் குருவிகள் தலைகீழாகத் தொங்கின.

மேளம் நின்றது.

உலகம்மை வாசலுக்கு ஓடிவந்தபோது கடைசி வண்டியின் முதுகுதான் தெரிந்தது. அண்ணாந்து தோரணத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஊர் எல்லைக் குளத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். அதற்கு மேல் நிற்க மாட்டார்கள்" என்றார் சாத்தப்பன். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஆள் அனுப்பினாலும் காது கொடுக்க மாட்டார்கள். சாவு வீட்டு ஆளிடம் பேச மாட்டார்கள்."

ஒப்பனைக்காரர் பதறிப்போய்க் குருவிகளைத் திருப்பிக் கட்டினார். தலையில் பொன்மணி கனம், கழுத்தில் வெறும் பஞ்சு. திருப்பிக் கட்டிய ஒவ்வொரு குருவியும் கழுத்து மடிந்து மறுபடி தலையைத் தொங்கப் போட்டது. மூன்று குருவிகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மணப்பெண் வாசலுக்கு வரக் கூடாது. நங்கை உள்ளே இருந்தே சொன்னாள். அழுதிருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. "கொல்லையில் தென்னை நிற்கிறதே, அம்மா."

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று உலகம்மை பார்க்கவில்லை. "ஏறிக் குருத்தை வெட்டிப் போடுங்கள்" என்றாள். குருத்து வந்து விழுந்தது. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க, வாசல் மண்ணில் உட்கார்ந்தாள். ஓலையைக் கிழித்து ஈர்க்கை உருவினாள். ஒரு மடிப்பு, ஒரு திருப்பு, ஒரு செருகல். ஒரு குருவி. ஒரு மடிப்பு, ஒரு திருப்பு, ஒரு செருகல். இன்னொரு குருவி. விரல் ஓலையில் கிழிந்தது, பட்டில் ரத்தம் பட்டது, துடைத்துக்கொண்டு மடித்தாள். ஒரு சரம் ஆனதும் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லையைப் பார்த்து ஓடினாள். ஒப்பனைக்காரரும் பின்னாலேயே ஓடினார்.

குளத்தங்கரையில் மாடுகளை மறுபடி நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தார்கள். உலகம்மை பேசவில்லை. பேசினால் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சரத்தை உயர்த்திப் பிடித்தபடி வண்டிகளுக்கு முன்னால் போய் நின்றாள். எல்லாக் குருவிகளும் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தன.

பெரியநாயகி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். குருவிகளைப் பார்த்தாள். சரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வீட்டில் எல்லோரும் சுகமா?"

"எல்லோரும் சுகம். கட்டியவருக்கு வழக்கம் தெரியாமல் நடந்துவிட்டது."

பெரியநாயகி நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு மூன்றாம் முறையாகக் கேட்டாள். "இது யார் செய்தது சம்பந்தியம்மா?"

ஒப்பனைக்காரர் தொண்டையைக் கனைத்தார். தன்னால் வந்த வினையைத் தானே தீர்த்துவிடலாம் என்று நினைத்து, "அம்மா, இதுவும் நம் கப்பல்..." என்று ஆரம்பித்தார். நல்ல மனுஷர்தான். உலகம்மை ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால் போதும், மானம் தப்பியிருக்கும்.

"நான் செய்தது" என்றாள் உலகம்மை. "நிச்சயத்தன்று வந்த தட்டும் நான் செய்தது. பெண் சடையில் வைத்த தாமரையும் நான் செய்தது. இரண்டு தடவை பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் பட்டுக் குருவி வாங்கினேன். கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள், என் பெண்மேல் வேண்டாம்."

பெரியநாயகி அவள் கிழிந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"கப்பலில் வந்த சாமான் எங்கள் வீட்டில் ஓர் அறை நிறையக் கிடக்கிறது" என்றாள். "எது யார் கையால் ஆனது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டில் செய்தது போலத் தோன்றியதால்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை. நீங்கள் இரண்டு தடவையும் கதவைச் சாத்திவிட்டீர்கள்."

உலகம்மைக்கு அழுகை வந்துவிட்டது. அழட்டும், அதற்கென்ன.

வண்டிகள் திரும்பின. மேளம் மறுபடி எழுந்தது. பந்தலில் பட்டுக் குருவிகளை இறக்கிவிட்டு அந்த ஒற்றை ஓலைச் சரத்தைக் கட்டினார்கள். அதற்கு அடியில் நங்கைக்குத் தாலி ஏறியது, நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்திகள் இருவரும் பந்தலிலேயே ஓலையும் கையுமாக உட்கார்ந்தார்கள். கதவு சாத்தவில்லை. ஒப்பனைக்காரரும் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பெரியநாயகி செய்த முதல் குருவிக்கு மூக்கு கோணல், ஒரு சிறகு நீளம். அதை ஊருக்கு எடுத்துப்போய், கப்பல் சாமான்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தன் வீட்டு நிலைவாசலில் தலை நிமிர்த்தி மாட்டினாள். யார் செய்தது என்று வருகிறவர்கள் கேட்டால், "நான்தான், அந்தக் கோணலும் என்னுடையதுதான்" என்பாளாம்.

ஆகவே, கேட்டுக்கொண்டிருந்தவர்களே, கையால் செய்கிற எளிய பொருளில் ஒரு குறைவும் இல்லை, அதைச் செய்தேன் என்று சொல்ல வெட்கப்படுவதில்தான் குறைவு இருக்கிறது.