கொண்டலாத்தி தன் கொண்டையை விரித்து மடக்கும் கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. அப்படிப்பட்ட ஓர் ஆண்டின் ஐப்பசி மாதம், இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று விடியற்காலையில் தூறலாகத் தணிந்திருந்தது. வாடைக்காற்று மட்டும் தணியவில்லை.

ஊருக்கு ஊர் செய்தி கொண்டுபோகும் வேலை அந்நாளில் கொண்டலாத்திகளுக்கு உரியதாக இருந்தது. அதற்கு ஒரு முறை உண்டு. பிறர் சொன்னதைச் சொல்லத் தொடங்குமுன் தலையிலுள்ள கொண்டையை விசிறி போல விரிக்க வேண்டும். அவர் சொல் முடிந்த இடத்தில் மடக்க வேண்டும். கொண்டை விரிந்திருக்கும்போது வரும் சொல் அனுப்பியவருடையது. மடங்கிய பின் வருவது பறவையினுடையது. ஆகவே, “இதைச் சொன்னவர் யார்?” என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் அது பறவையை அவமதித்ததாகும்.

மேட்டு ஏரியின் மதகைக் காத்துவந்தவர் செங்கோடன். அவரிடம் ஏழாண்டுகளாகச் செய்தி வாங்கிச் சென்ற கொண்டலாத்தி ஒன்று இருந்தது. அந்த ஏழாண்டுகளில் அது ஒரு சொல்லைக் கூட்டியதில்லை. ஒரு சொல்லைக் குறைத்ததும் இல்லை.

அன்று காலை செங்கோடன் மதகின் கற்படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு படிகளில் கீழிருந்து பத்தாவதும் நீருக்குள் மறைந்திருந்தது.

“நொச்சிப்பள்ளத்துக்குப் போ, அம்மா. என் தங்கை அரியநாச்சியிடம் சொல். அவளிடம் சொன்னால் ஊரே கேட்கும்.”

“சொல்லுங்கள், ஐயா.”

“‘நீர் பத்தாம் படியைத் தாண்டிவிட்டது. கரை தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.’ இவ்வளவுதான். வழியில் புழுவைக் கண்டு என் செய்தியை மறந்துவிடாதே.”

“புழு செரித்துவிடும், ஐயா. உங்கள் செய்தியை விழுங்கினால் எனக்குச் செரிக்காது.”

செங்கோடன் அந்தக் கவலையிலும் சிரித்தார். கொண்டலாத்தி பறந்தது.

ஏரிக்கரைக்குக் கீழே நொச்சிப்பள்ளத்தில் அரியநாச்சி பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கணவன் உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தான். ஊரில் பலர் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் அவள் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிலம்பாயி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“உன் அண்ணன் வாய் திறக்கும்வரை இந்த ஊரில் ஒருவரும் கால் எடுத்து வைக்கமாட்டார்கள் போலிருக்கிறது, நாச்சி. என் வீட்டுக்காரர் நான் சொன்னால் இப்படிக் கேட்டதுண்டா?”

“நீ முப்பது வருடம் மதகு காத்திருந்தால் கேட்டிருப்பார், அக்கா,” என்றாள் அரியநாச்சி. சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றால் தலை சுற்றுகிறது என்று தூணைப் பிடித்தபடியே இருந்தாள்.

கொண்டலாத்தி வந்து வேலியில் அமர்ந்து, கொண்டையை விரித்தது.

“நீர் பத்தாம் படியைத் தாண்டிவிட்டது. கரை தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.”

அரியநாச்சி குழந்தையை மார்போடு இறுக்கினாள். மேட்டுக்குப் போகும் சேற்று வழியை ஒருமுறை பார்த்தாள்.

கொண்டலாத்தி இப்போது கொண்டையை மடக்க வேண்டும். வரும் வழியில் மேற்கே வானம் வெளுத்திருந்ததை அது பார்த்திருந்தது. இந்த உடம்போடு இவள் எப்படி அவ்வளவு தூரம் நடப்பாள் என்ற இரக்கம் அதன் தொண்டைவரை வந்துவிட்டது. கொண்டையை மடக்கிச் சொன்னால் பறவையின் பேச்சைக் கேட்டு யார் ஆறுதல் அடைவார்கள் என்றும் எண்ணியது. கொண்டையை மடக்காமலே சொன்னது:

“மழை விட்டுவிடும். அஞ்ச வேண்டாம்.”

பிறகுதான் மடக்கியது.

அரியநாச்சியின் முகம் தெளிந்தது. “அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்,” என்றாள். சிலம்பாயி, “அப்படியானால் நான் உலையை ஏற்றுகிறேன்,” என்று மூட்டையை அவிழ்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அவிழ்த்தார்கள். இனித் திருத்திச் சொல்லலாமா என்று கொண்டலாத்தி ஒரு கணம் தயங்கியது. ஏழாண்டுப் பெயர் போய்விடுமே என்ற எண்ணம் குறுக்கே வந்தது. அது பறந்து சென்றுவிட்டது.

பிற்பகலில் மழை வலுத்தது. பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே கரை உடைந்தது.

மறுநாள் செங்கோடன் நொச்சிப்பள்ளத்துக்கு வந்தபோது அங்கே கூரைகள் இல்லை. மேட்டில் சிலம்பாயி குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

“பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, ‘ஓடு, அக்கா’ என்றாள் நாச்சி. அவளால் ஓட முடியவில்லை,” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், “நீங்கள் அஞ்ச வேண்டாம் என்றீர்கள். இருந்துவிட்டோம்,” என்றாள்.

“நான் அப்படிச் சொல்லவில்லையே.”

முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் சொன்னதை நம்பாத முகங்களை அவர் பார்த்தார்.

ஈரக் கிளையில் இருந்த கொண்டலாத்தி தாழ இறங்கி வந்தது. “அது என் சொல், ஐயா. கொண்டையை மடக்காமல் சொன்னேன். அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.”

செங்கோடன் மெதுவாகச் சொன்னார்:

“உன் சொல்லை உன்னுடையதாகச் சொல்லியிருந்தால், நம்புவதும் நம்பாததும் அவள் விருப்பமாக இருந்திருக்கும். என்னுடையதாகச் சொன்னாய். அவளுக்கு வேறு வழியே வைக்கவில்லை.”

அவர் அதைச் சபிக்கவில்லை. சபித்திருந்தால் அதற்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் நடந்தவை இவை. நீர் வடிந்த பிறகு அரியநாச்சியை மேட்டிலேயே புதைத்தார்கள். குழந்தையைச் சிலம்பாயி வளர்த்தாள். செங்கோடன் மதகுக்குத் திரும்பவில்லை. செய்தி அனுப்புகிறவர்கள் பறவையை விட்டு ஓலையை நாடினார்கள். வெகுகாலம் கழித்துத் தாளில் எழுதியவர்கள், பிறர் சொல்லின் முன்னும் பின்னும் கொண்டை இறகுகளைப் போல இரண்டிரண்டு சிறு கோடுகளை இட்டார்கள். கொண்டலாத்தி பேச்சையே விட்டது. எவருக்கும் பொருள்படாத ஒரே ஒலியை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டது.

அன்று தொடங்கியதுதான் இது: கொண்டலாத்தி எங்கே வந்து அமர்ந்தாலும் பழக்கத்தால் கொண்டையை விரிக்கிறது, சொல்வதற்கு எவருடைய சொல்லும் தன்னிடம் இல்லை என்பது நினைவுக்கு வர, உடனே மடக்கிக்கொள்கிறது.