உதியனின் இடது சிறகு

மேற்கு மலையின் மழைக்காட்டில் உதியன் என்ற ஆண் இருவாச்சி இருந்தான். அவன் பறந்தால் காடு அண்ணாந்து பார்க்கும். ஒவ்வொரு சிறகடிப்பிலும் பெருமூச்சு போன்ற ஓசை எழும். அந்த ஓசை அவனுக்கு முன்பே பள்ளத்தாக்கைக் கடந்துவிடும். ஓடையில் நீர் அருந்தும் மான்கள்கூட ஒரு கணம் குடிப்பதை நிறுத்தித் தலை தூக்கும்.

மூன்று யானைகள் தும்பிக்கை கோத்து நின்றாலும் சுற்றி வளைக்க முடியாத ஒரு வெடிப்பலா மரத்தில் அவன் குடும்பம் இருந்தது. மரத்தின் உயரத்தில் ஒரு பொந்து. அதற்குள் அவன் மனைவி கோதை அடைந்து கிடந்தாள்.

இது இருவாச்சிகளின் வழக்கம். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் திறந்து வைக்கும். பிறகு பறக்கும் இறகுகளை எல்லாம் உதிர்த்துவிடும். வெளியே வர நினைத்தாலும் அப்போது பறக்க முடியாது.

ஏறக்குறைய நான்கு மாதம் இப்படி. வெளியே இருக்கும் ஆண் கொண்டுவரும் பழத்தில்தான் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். அவன் ஒரு வேளை வராவிட்டால் பசி. அவன் வராமலே போனால் அந்தப் பொந்துதான் அவர்களுக்குக் குழி. ஓர் உயிர் இன்னோர் உயிரை இதைவிட அதிகமாக நம்ப முடியுமா என்று தெரியவில்லை.

கோதை இருட்டில் இருந்தாள். கணவனின் முகத்தை அவளால் பார்க்க முடியாது. கீற்றின் வழியே வரும் அலகின் நுனி தெரியும். தூரத்தில் கேட்கும் சிறகோசை தெரியும். அதை வைத்தே அவன் எந்த மலைச்சரிவிலிருந்து வருகிறான், தொண்டை நிறையப் பழம் இருக்கிறதா, பாதிதான் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள்.

குஞ்சு பொரித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அன்று காலை முதல் பழத்தை வாங்குவதற்கு முன்பே அவள் கேட்டாள்.

“என்னங்க, இடது சிறகுல ஏதோ சீறுது.”

“காத்தா இருக்கும்.”

“காத்து ரெண்டு பக்கமும்தானே அடிக்குது. வலது சிறகு சும்மாத்தானே இருக்கு?”

உதியன் பழங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டுப் பறந்தான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் சிறகோசையைத் தானே காதுகொடுத்துக் கேட்டான். அவள் சொன்னது உண்மை. ஈர இலையைக் கிழிப்பது போல மெல்லிய சீறல். இடது பக்கம் மட்டும்.

ஓடைக்குட்டையில் நிழல் பார்த்தான். இறகு எதுவும் ஒடியவில்லை. வலி இல்லை. வீக்கம் இல்லை. பசி நன்றாக எடுத்தது. இரண்டு நாள் சீறல் கேட்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. முதலில் பனியின்மேல் பழி போட்டான். பனி விலகிய பிறகு வயதின்மேல் போட்டான். வலிக்காத ஒன்றை நோய் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. விடாத ஒன்றை ஒன்றுமில்லை என்று தள்ளவும் பயமாக இருந்தது.

வைத்தியர் இல்லாமல் இல்லை. இரண்டு மலைமுகடு தாண்டி, பட்டுப்போன ஒரு தேக்கு மரத்தில் பொன்முதுகு மரங்கொத்தி அம்மாள் ஒருவர் இருந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே எந்த இடத்தில் புழு இருக்கிறது என்று சொல்பவர். உடம்பையும் அப்படியே தட்டிப் பார்ப்பார். ஆனால் போய் வர அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் பொந்துக்குள் இரண்டு வயிறு காயும். ஒரு சின்னச் சீறலுக்காகப் பிள்ளையைப் பட்டினி போடுவதா? உதியனால் முடிவு செய்ய முடியவில்லை.

பழம் பறிக்கும் அத்தி மரத்தில் சுருளி என்ற மலை அணில் குடியிருந்தான். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் யோசனை சொல்பவன். உதியன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். சுருளி வாலைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, இடது சிறகில் வரக்கூடிய பதினேழு நோய்களை வரிசையாகச் சொன்னான். அதில் ஒன்பது கொல்லக்கூடியவை. உதியனின் அலகிலிருந்து அத்திப்பழம் நழுவியது.

“அப்படின்னா வைத்தியர்கிட்ட போயிடட்டுமா?”

“எதுக்குண்ணே? என் சித்தப்பா நல்லாத்தான் இருந்தார். வைத்தியரைப் பார்க்கப் போனார். அன்னிக்கே நோயாளி ஆயிட்டார்.”

பிறகு சுருளி தன் வைத்தியத்தைச் சொன்னான். இடது சிறகு களைத்துப் போயிருக்கிறது. அதற்கு ஓய்வு வேண்டும். வலது சிறகை அழுத்தி அடித்துப் பறந்தால் போதும். பத்து நாளில் சரியாகிவிடும்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வைத்தியரிடம் போக வேண்டாம் என்பதால் இன்னும் நியாயமாக இருந்தது. உதியன் அன்றே தொடங்கினான். வலது சிறகை ஊன்றி அடித்தான். இடதை லேசாக விட்டான். ஆச்சரியம், சீறல் குறைந்தது. ஐந்தாம் நாள் அறவே கேட்கவில்லை. அவன் பெருமையோடு மரத்துக்கு வந்து, இப்போது கேட்டுப் பார் என்று மனைவியிடம் சொன்னான்.



“சீறல் போயிடுச்சு,” என்றாள் கோதை. “ஆனா வந்து உட்கார்ந்ததும் உங்களுக்கு மூச்சு வாங்குதே. முன்னே எப்பவும் வாங்கினதில்லை.”

உதியனுக்குக் கோபம் வந்தது. ஒன்று போனால் இன்னொன்றைக் கண்டுபிடிக்கிறாள் என்று முணுமுணுத்தான். இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் இல்லாத ஓசையெல்லாம் கேட்கும் என்றுகூடச் சொல்லிவிட்டான். பிறகு ஒரு பழத்தைக் கீற்றில் நீட்டினான்.

அதை வாங்க யாரும் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். பழம் அப்படியே நின்றது. குஞ்சு பழத்தின் வாசனை பிடித்துக் கத்தத் தொடங்கியது. கோதையின் அலகு வரவில்லை. காட்டில் எத்தனையோ பசியை அவன் பார்த்திருக்கிறான். அலகுக்கெட்டும் தூரத்தில் உணவிருக்க, தானே வாயை மூடிக்கொண்ட பசியை அன்றுதான் பார்த்தான்.

“பிள்ளை கத்துறான், கோதை.”

“கேக்குது. அரை நாள் பசி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், தாங்கிக்குவேன். நீங்க வராத நாளோட பசி எனக்குத் தெரியாது. நாளைக்கு விடிஞ்சதும் வைத்தியர்கிட்ட போறேன்னு சொல்லுங்க, பழத்தை வாங்கிக்கிறேன்.”

உதியன் கீற்றைப் பார்த்தான். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தன் மூச்சு இன்னும் அடங்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. போகிறேன் என்றான். அலகு வெளியே வந்தது.

மறுநாள் விடியும்போது புறப்பட்டான். முதல் முகட்டை ஏறிக் கடந்தபோது மேகம் அவனுக்குக் கீழே கிடந்தது. மலையுச்சிகள் அதில் தீவுகளாக மிதந்தன. இந்தக் காட்டின் மேல் எத்தனையோ வருடம் பறந்தும், அத்தி மரம், பொந்து, அத்தி மரம் என்றே பார்த்திருந்தான். இவ்வளவு பெரிய உலகத்தில் தன்னை நம்பி ஒரு கீற்றுக்குப் பின்னால் இருவர் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அவனுக்குத் தன் உடம்பின்மேல் ஒரு பயபக்தி வந்தது.

இரண்டாவது முகட்டில் மூன்று இடத்தில் இறங்கி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

வைத்தியர் அவனுடைய அலகளவுகூட இல்லை. அவர் முன்னால் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

“சின்னச் சீறல்தாங்க அம்மா. அதுவும் இப்ப இல்லை. உங்க நேரத்தை வீணாக்குறேனோ என்னவோ.”

“ஒன்னும் இல்லேன்னா அதைச் சொல்றதும் என் வேலைதான். எப்பவும் பறக்கிற மாதிரி மூணு சுத்து பறந்து வாங்க. அணில் சொன்ன மாதிரி வேண்டாம்.”

அணிலைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கு, வருகிறவர்களில் பாதிப் பேர் யாராவது ஓர் அணிலிடம் போய்விட்டுத்தான் வருகிறார்கள் என்றார் வைத்தியர்.

உதியன் சுருளியின் வைத்தியத்தைச் சொல்லிவிட்டுப் பறந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சீறல் திரும்பி வந்திருந்தது. மூன்றாவது சுற்று முடிந்ததும் அவர் தாவி வந்து அவன் தோளில் தொற்றிக்கொண்டார். இடது சிறகைத் தட்டினார், காது வைத்தார். ஒவ்வோர் இறகுத் தண்டையும் தட்டினார். எல்லாம் ஒரே சுரத்தில் ஒலித்தன.

“இடது சிறகு நல்லா இருக்கு,” என்றார்.

உதியன் எழுந்துவிட்டான். மனம் அதற்குள் பொந்துக்குப் போய்விட்டது.

“உட்காருங்க. நல்லா இருக்கிற சிறகு ஏன் சீறணும்? ரெண்டு சிறகோட வேலையை ஒன்னே செய்யுது. அதனாலதான்.”

அவர் வலது பக்கம் போனார். தோளிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். வெற்று மூங்கிலைத் தட்டுவது போல ஓசை வந்தது. ஓரிடத்தில் மட்டும் அது மண்ணைத் தட்டியது போல மங்கியது. அவர் நின்றார். முன்னால் தட்டினார், பின்னால் தட்டினார். மறுபடி அங்கேயே வந்தார். பிறகு, கடந்த சில வாரங்களில் பிரம்புப் புதருக்குள் நுழைந்தீர்களா என்று கேட்டார்.

உதியனுக்கு நினைவு வந்தது. குஞ்சு பொரித்த அன்று அதற்கு இளம்பல்லி கொடுக்க ஆசைப்பட்டு ஒரு பிரம்புப் புதருக்குள் பாய்ந்தான். ஏதோ கீறியது. பல்லி கிடைத்த மகிழ்ச்சியில் அதை மறந்தே போனான்.

“முள் உள்ளே இருக்கு. எலும்பைத் தொட்டுக்கிட்டு இருக்கு.” வைத்தியர் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு ஒன்னு தெரியுமா? உங்க எலும்புக்குள்ள மஜ்ஜை இல்லை. காத்துதான் இருக்கு. நீங்க இழுக்கிற மூச்சு நெஞ்சோட நிக்கிறதில்லை. தோள் எலும்பு வழியா சிறகு நுனி வரைக்கும் போகுது. காட்டுல உங்க இனத்து அளவுக்கு மூச்சை உடம்பெல்லாம் வெச்சிருக்கிறவங்க ரொம்பக் குறைவு.”

உதியன் தன் சிறகைப் பார்த்தான். இத்தனை வருடமாக அது தன்னைத் தூக்குகிறது என்றுதான் நினைத்திருந்தான். தனக்குள் சிறகு நுனி வரை காற்று நிறைந்திருக்கிறது என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஒவ்வொரு காலையும் மலைக்காற்று தன் எலும்புக்குள் வந்து போயிருக்கிறது. 

“அந்த எலும்புல துளை விழுந்தா, முள்ளைச் சுத்தி இருக்கிற சீழ் மூச்சோட சேர்ந்துடும்,” என்றார் வைத்தியர். “அணில் சொன்னதைக் கேட்டு வலது சிறகை ஊன்றி அடிச்சீங்க பாருங்க, அது முள்ளை ஆணி மாதிரி உள்ளே இறக்கியிருக்கு. இன்னும் நாலஞ்சு நாள் அப்படிப் பறந்திருந்தா, நடுவழியில விழுந்திருப்பீங்க.”

பிறகு அவர் நாக்கை நீட்டினார். அலகைவிட நீளமாக, நூல் போல, நுனியில் கொக்கிகளோடு அது வந்துகொண்டே இருந்தது. இத்தனை சிறிய தலைக்குள் அது எங்கே சுருண்டிருந்தது என்று உதியன் வியப்பதற்குள் தோளுக்குள் நுழைந்தது. சுரீர் என்றது. வெளியே வந்தபோது நுனியில் ஒரு முள் இருந்தது. ஒரு நெல்மணி அளவுதான். வைத்தியர் அந்த இடத்தைச் சுற்றி இருந்த சிறு இறகுகளைப் பிடுங்கி, குங்கிலியப் பிசின் வைத்து அடைத்தார். மூன்று நாள் அத்தி மரத்துக்கும் பொந்துக்கும் மட்டும் போகலாம், ஏற்றத்தில் சிறகடிக்காமல் காற்றில் மிதந்து போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

உதியன் அத்தி மரத்தில் பழம் நிறைத்துக்கொண்டு மதியம் சாய்வதற்குள் திரும்பிவிட்டான். கோதை எட்டுப் பழம் வாங்கிக் குஞ்சுக்குக் கொடுத்தாள். ஒன்பதாவதைத் தான் விழுங்கிவிட்டு, வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவன் முள்ளைப் பற்றிச் சொன்னான். நான்கைந்து நாள் கணக்கையும் மறைக்காமல் சொன்னான். 

சுருளி, உதியனை வைத்தியரிடம் அனுப்பியதே தான்தான் என்று இன்றும் அத்தி மரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலையில் கோதை வாசல் பூச்சை உள்ளிருந்து கொத்தி உடைத்தாள். துண்டு துண்டாக அது நூறடி கீழே விழுந்தது. புதிய இறகுகளோடு வெளியே வந்து வெளிச்சத்தில் கண் கூசி நின்றாள். பின்னால் குஞ்சின் தலை எட்டிப் பார்த்தது. எதிர்க்கிளையில் உதியன் இருந்தான். கோதை வானத்தைப் பார்க்கவில்லை, பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. தாவி அவனருகே போய், வலது தோளில் இறகு முளைக்காத அந்தச் சிறு வட்டத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேல் தன் அலகை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

உடம்பு அனுப்பும் சிறிய சேதிக்கு நாமே பொருள் எழுதிக்கொள்ளாமல், அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காலத்தோடு கொண்டுபோய்க் காட்டுவது நம்மை நம்பியிருப்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.