இரண்டு கருவிகளில் எது மேல்?

இன்னாசி ஐம்பதை நெருங்கும் ஆராய்ச்சி மாணவர். அவருடைய குரு டாக்டர் பாகீரதிக்கோ அவரைவிட வயது குறைவு. இதை வைத்து ஆய்வுக்கூடத்தில் இன்னாசியைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை.

ஆண்களை நேசிக்கும் ஆண்கள், ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டுத் தாங்களே எடுத்துக் கொடுத்த மாதிரிகள் அங்கே வரும். அவற்றில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பாப்பிலோமா வைரஸைத் தேட இரண்டு கருவிகள். எது மேல் என்று ஒப்பிட்டுச் சொல்வது இன்னாசியின் வேலை.

அவரும் ஆண்களை நேசிப்பவர்தான். கூட வாழ்ந்த தமீம் சண்டை போட்டுக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் ஒற்றைத் தட்டுதான் கழுவுகிறார். அவன் திரும்பி வரமாட்டானா என்று ஏங்கியே ஆள் பாதியாகிவிட்டார்.

"முதல் கருவிதான் மேடம் நல்லது. இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்ல. ரெண்டாவது எதுக்கெடுத்தாலும் 'சொல்ல முடியாது'ங்குது. மனுஷனை எவ்வளவு நாள்தான் தவிக்க விடறது?"

பாகீரதி மறுநாள் பெயர் ஒட்டாத ஒரு குப்பியை நீட்டினார்.

"ரெண்டுலயும் போட்டுப் பாருங்க."

முதல் கருவி, வைரஸ் இல்லை என்றது. இரண்டாவது வழக்கம்போலக் கையை விரித்தது.

"பார்த்தீங்களா! இந்த ஆளு இனி நிம்மதியா தூங்கலாம். யாரோடது மேடம்?"

"யாரோடதும் இல்ல. பாக்கெட்டைப் பிரிச்சு, யார் மேலயும் படாம நேரா குப்பியில போட்ட குச்சி."

இன்னாசிக்கு முகம் தொங்கிவிட்டது. இரண்டாவது கருவி, மனித செல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாயைத் திறக்காது. முதலாவதற்கு அந்தப் பழக்கம் கிடையாது. கூச்சப்பட்டுக் குச்சியைச் சரியாக விடாதவர்களுக்கும் அது 'இல்லை' என்றே சொல்லியிருக்கும். அவருக்குத் தெரியாத விஷயமல்ல. தெளிவான பதில் வேண்டும் என்ற ஆசையில் மறந்துபோனார்.

குப்பியை மூடிக்கொண்டே, சம்பந்தமில்லாததுபோல் சொன்னார்.

"தமீமுக்கு என் மேல இப்ப ஒண்ணுமே இல்ல மேடம்."

"அவரே சொன்னாரா?"

"சொல்லணுமா? போன மாசம் மார்க்கெட்ல பார்த்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்ல."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"இல்ல... எதிர்ப்பக்கம் நின்னுட்டிருந்தேன்."

பாகீரதி கையுறைகளைக் கழற்றினார்.

"'சொல்ல முடியாது'ன்னு வந்தவங்களுக்கெல்லாம் புதுக் குச்சி அனுப்பிடலாம், இன்னாசி சார். தமீம் வீட்டுக்கு நீங்கதான் போகணும்."