ஓடாமல் நின்றவள்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையின் குரு மரியசெல்விக்கு முப்பத்து நான்கு வயது. மாநில பேஸ்பால் அணியின் கேட்சர். அடிக்க நிற்பவளின் பின்னால், முகத்தில் கம்பிக் கவசத்தோடு குந்தி உட்கார்ந்து, வரும் பந்தைப் பிடிப்பவள். அடுத்த கேட்சர் யார் என்பதில் தேர்வுக் குழு அவள் சொல்லைத் தாண்டாது.

சிஷ்யை கனிஷ்கா, கல்லூரி அணியின் கேட்சர். மாநில அணிக்குப் போவது அவள் கனவு என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். கனவு இல்லை, உரிமை என்பாள்.

தேர்வு ஆட்டம் திண்டுக்கல்லில் நடந்தது. மரியசெல்வி ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் கனிஷ்காவும், சங்கரன்கோவிலிலிருந்து வந்த பேச்சி என்ற இன்னொரு கேட்சரும்.

பேச்சி பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு, ஓடுகிறவர்கள் மிதிக்க வேண்டிய முதல் மூலைக்கு, வந்தாள். அடுத்த பந்து வீசப்பட்டதுமே இரண்டாவது பேஸுக்கு ஓட்டம் பிடித்தாள். இப்படி ஓடுகிறவளை மடக்க, கேட்சர் சட்டென்று எழுந்து பந்தை அங்கே எறிய வேண்டும். மரியசெல்வி எழுவதற்குள் பேச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். மறுமுறை வந்தபோதும் அப்படியே ஓடினாள்.

அவள் திரும்பி வந்ததும் கனிஷ்கா பிடித்துக்கொண்டாள்.

"அக்கா முட்டி வலியோட உட்கார்ந்திருக்காங்க. கொஞ்சமாவது மரியாதை இருக்கா உனக்கு?"

"மரியாதைக்கு வணக்கம் வைக்கேன். அதுக்காக ஓடாம இருக்கணுமாக்கும்?"

கனிஷ்காவும் முதல் பேஸ்வரை போனாள். அங்கேயே நின்றாள். ஓடவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் மரியசெல்வி அவளைக் கூப்பிட்டாள்.

"எப்படிடி இருந்தேன் இன்னைக்கு?"

"சூப்பர்க்கா. அந்த சங்கரன்கோவில்காரிக்கு ஏதோ அதிர்ஷ்டம், அவ்வளவுதான்."

"என் முட்டி?"

"அதுக்கென்ன? நல்லாத்தான் இருக்கு."

மரியசெல்வி தேர்வுக் குழு இருந்த பக்கம் நடந்தாள்.

மறுநாள் அணியை அறிவித்தார்கள். கேட்சர், பேச்சி. மரியசெல்வி பெயர் இல்லை. கனிஷ்கா பெயரும் இல்லை.

கனிஷ்கா அறிவித்தவரிடமே போய் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் அதையேதான் சொன்னார். அங்கிருந்து மரியசெல்வி இருந்த பயிற்சி மைதானத்துக்கு ஒரே ஓட்டமாக வந்தாள்.

"அக்கா, உங்க பேரையே தூக்கிட்டாங்க! கிளம்புங்க, போய்க் கேட்போம்."

"யாரைக் கேட்க? நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"என் பேரு?"

"அதையும் நான்தான்."

கனிஷ்கா எந்த வாதத்திலும் தோற்றுப் பழகாதவள்.

"ஏன்க்கா?" என்றாள். "உங்க வலியை மிதிச்சு ஓடினவளுக்கு இடம். உங்களுக்காக நின்ன எனக்குத் தண்டனை. இது எந்த ஊர் நியாயம்? இதுக்காகவா நாலு வருஷம் கத்துக்கொடுத்தீங்க?"

மரியசெல்வி கவசத்தை மாட்டிக்கொண்டாள். பந்து வீச ஒரு பெண்ணைக் கூப்பிட்டுவிட்டு, தரையில் கையூன்றிக் குந்தினாள்.

"ஃபர்ஸ்ட் பேஸ்ல போய் நில்லு. பந்து வந்ததும் ஓடு."

"மாட்டேன்."

"ஓடுடி."

கனிஷ்கா கோபத்தோடு ஓடினாள். இரண்டாவது பேஸை மிதித்துவிட்டுத் திரும்பினாள்.

மரியசெல்வி எறிந்த பந்து பாதி வழியில் விழுந்து, புல்லில் உருண்டு நின்றுவிட்டது. அவள் முழுதாக எழுந்திருக்கவில்லை. ஒரு முட்டி தரையில் கிடந்தது. இன்னொன்று வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

வலி என்றுதான் கனிஷ்காவுக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. பக்கத்தில் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். மரியசெல்வி கையை விலக்கினாள்.

"என்ன பார்த்த?"

"அக்கா, முதல்ல எந்திரிங்க..."

"கேட்சருக்கு மைதானத்துல அத்தனை பேரும் தெரிவாங்க. அவ எழுந்திருக்கிற அழகு மட்டும் அவளுக்குத் தெரியாது. அதான் கேட்கிறேன். என்ன பார்த்த?"

கனிஷ்கா தரையைப் பார்த்தாள்.

"முடிஞ்சு போச்சுக்கா. இனிமே உங்களால எறிய முடியாது."

மரியசெல்வி கவசத்தைக் கழற்றினாள்.

"நேத்து நான் கேட்டப்போ இதைச் சொல்லியிருந்தா, அணிக்குப் போறது நீ."