மகாராஜாவின் காருக்குச் சேவை நாழி

ஆலங்கோட்டை மகாராஜா விசயபூபதி வெளியே கிளம்பினால் கட்டியம் கூற ஆள் தேவைப்படவில்லை. அவருடைய மோட்டார் காரே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் 'கீய்ங்... கீய்ங்' என்று ஒரு கத்தல். இரண்டு தெரு தள்ளி நிற்கும் மாடுகூட மிரளும்.

"சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கை இருக்குங்களே மகாராஜா, அதோட வளையத்துக்குள்ள இருக்குற ரப்பர் உருளை, புஷ்ஷுன்னு சொல்லுவாங்க, அது தேஞ்சு போச்சு," என்றான் டிரைவர் சூசை. "புது புஷ் வந்து பெட்டியில இருக்கு. ஆனா பழசு இறுகிப் பிடிச்சிருக்கும். பட்டணத்துப் பட்டறையில அழுத்தி எடுக்க மெஷின் இருக்கு."

"பட்டணம் போய்வர நேரம் எங்கே? நாளை மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். இந்தக் கத்தலோடு அவர்களை அழைத்துவர முடியுமா? இங்கேயே ஷெட்டில் வைத்து முடியுங்கள்."

அரண்மனை நிர்வாகி சடகோபர் உடனே எழுந்தார்.

"இங்கே என்றால் சம்மட்டியால் அடித்துத்தான் எடுக்க வேண்டும். மகாராணிக்கோ ஒற்றைத் தலைவலி. சத்தமே கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. ரப்பரை எரித்து எடுக்கலாம் என்றால் ஷெட் முழுக்கப் பெட்ரோல் டின். பேசாமல் காரை இப்படியே விட்டுவிடுங்கள். மகாராஜா வருகிறார் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

சபையில் இருந்த விகடகவி மாசிலாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சடகோபர் திரும்பி முறைத்தார்.

"எல்லாவற்றுக்கும் வழி சொல்கிற மாசிலாமணியே இதற்கும் கருவி தேர்ந்தெடுக்கட்டும். சம்மட்டி கூடாது. நெருப்பு கூடாது. வெளியிலிருந்து ஒரு கருவிகூட வரக்கூடாது. வந்தால், அரண்மனையில் ஒன்றுமே இல்லை என்று சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள்."

மகாராஜாவுக்கு அது சரியென்று பட்டது. "நாளைச் சாயங்காலத்துக்குள் முடி, மாசிலாமணி. முடியாவிட்டால் உன் ஆசனம் சடகோபரின் மருமகனுக்கு."

மாசிலாமணி தம் ஆசனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "அரண்மனைக்குள் இருக்கிற எதை வேண்டுமானாலும் எடுக்கலாமா, மகாராஜா?"

"எதை வேண்டுமானாலும்."

மறுநாள் காலையில் காரோடு வந்த ஸ்பானர்களை வைத்தே சூசை அந்த இரும்புக் கையைக் கழற்றிவிட்டான். புஷ் மட்டும் அசையவில்லை. கட்டையை வைத்து இருவரும் அழுத்திப் பார்த்தார்கள். கட்டைதான் பிளந்தது. காரின் கத்தல்மேல் சடகோபருக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று மாசிலாமணி யோசித்தார், அதுவும் விளங்கவில்லை. பசி வேறு. மடைப்பள்ளிக்குப் போய் இலை முன் உட்கார்ந்தார்.

அங்கே சமையற்காரர் வைத்தா, பெரிய இரும்புச் சேவை நாழியின் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று கால், மேலே திருகு. திருகு இறங்க இறங்க, உள்ளே இருந்த வெந்த மாவு நூல் நூலாகக் கீழே வந்தது. சத்தமில்லை. அடியில்லை.

மாசிலாமணி இலையை விட்டு எழுந்துவிட்டார். "வைத்தா, உம்ம நாழி எனக்கு வேண்டும்!"

"சேவை இன்னும் பாதி பாக்கி, சுவாமி!"

"மீதியைக் கொழுக்கட்டையாகப் பிடியும்!"

நாழி ஷெட்டுக்குப் போன செய்தி கேட்டு, சடகோபர் மகாராஜாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பார்த்தீர்களா அநியாயத்தை? இது சமையல் பாத்திரம்!"

"காருக்குச் சேவை செய்யச் சேவை நாழியைவிடப் பொருத்தமான கருவி உண்டா, மகாராஜா?" என்றார் மாசிலாமணி.

மகாராஜாவின் மீசை துடித்தது. "ம், நடக்கட்டும்."

நாழியின் குழலைக் கழற்றி, அந்த இடத்தில் இரும்புக் கையின் வளையத்தை வைத்தார்கள். அதன் கீழே, புஷ் வந்து விழுகிற அளவுக்கு வாயகன்ற குழாய்த் துண்டு. மேலே வைத்து அழுத்த, களஞ்சியத்துத் தராசின் எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார் மாசிலாமணி. பெரியது வளையத்திலேயே இடித்தது. சின்னது ரப்பரைக் கிழித்துக்கொண்டு போகும். நடுத்தரமான ஒன்று புஷ்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. சூசை திருகைச் சுற்றினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அரைச் சுற்று. பழைய புஷ் சோம்பேறிபோல மெல்ல இறங்கிக் குழாய்க்குள் விழுந்தது.

புதியதை ஏற்றும்போது சடகோபர் விளக்கெண்ணெயை நீட்டினார்.

"வேண்டாம். எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும்," என்று சோப்புத் தண்ணீரைத் தடவினார் மாசிலாமணி. புஷ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

இரும்புக் கையை மாட்டி, காரைத் தரையில் இறக்கினார்கள். "பாரம் ஏறி நிக்கும்போதுதான் திருகாணியைக் கடைசி முடுக்கு முடுக்கணும். இல்லேன்னா ரப்பர் முறுக்கிக் கிழிஞ்சிடும். மகாராஜாவே ஏறி உட்கார்ந்தா பாரம் சரியா இருக்கும்," என்றான் சூசை.

"மகாராஜாவை இதில் ஏற்றுவதா? ஆபத்து!" என்று கத்தினார் சடகோபர்.

"அடியில் படுக்கப் போகிறவன் நான். மேலே உட்காருகிறவருக்கு என்ன ஆபத்து?" என்று மாசிலாமணி காருக்கடியில் நுழைந்தார். மகாராஜா ஏறி உட்கார்ந்தார். முடுக்கி முடித்து மாசிலாமணி வெளியே வந்தபோது சடகோபரைக் காணவில்லை.

"ஏறு, ஒரு சுற்றுப் போய்வருவோம்," என்றார் மகாராஜா.

கார் பள்ளத்தில் இறங்கியது, சத்தமில்லை. மேட்டில் ஏறியது, சத்தமில்லை. ஊரைச் சுற்றிவிட்டுப் பூனைபோல வந்து, சடகோபரின் அலுவலகமான நிர்வாகக் கச்சேரி வாசலில் நின்றது. ஒருவரும் எழுந்து வரவில்லை. மகாராஜா இறங்கி எட்டிப் பார்த்தார்.

உள்ளே இரண்டு குமாஸ்தாக்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவன் விசிறிக்கொண்டிருந்தான். விசிறிக்குக் கீழே சடகோபர், மேஜைமேல் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மகாராஜா கனைத்தார்.

சடகோபர் பதறி எழுந்தார். தூக்கக் கலக்கத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. "மகாராஜா! கார் சத்தமே கேட்கலையே!"

"ஓகோ! இத்தனை நாளும் அதைக் கேட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தீரா?" என்ற மகாராஜா, மாசிலாமணியிடம் திரும்பினார். "உனக்கு என்ன பரிசு வேண்டும், சொல்."

"வேலை சுத்தம் என்று ஒரு நற்சான்று போதும், மகாராஜா. அதையும் சடகோபர் இப்போதே தம் வாயால் கொடுத்துவிட்டார்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் சீட்டுக்கட்டு மேஜையிலிருந்து சரிந்தது. சிரித்துக்கொண்டே தம் மோதிரத்தைக் கழற்றி மாசிலாமணியின் விரலில் மாட்டினார்.